ஒய் எழுத்தோடு நின்ற வரிசை: சூ கிராஃப்டனின் 25 துப்பறியும் நாவல்கள்

சூ கிராஃப்டன் 2017 டிசம்பர் 28 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் காலமானார். 77 வயது. இரண்டு வருடமாகப் புற்றுநோய். ஆங்கில எழுத்துவரிசையில் ஏ தொடங்கி எழுத்துக்கு ஒரு நாவலாக எழுதி வந்தவர், ஒய் வெளிவந்த நான்கே மாதத்தில் போய்விட்டார். பாக்கி இருந்தது இஸட் மட்டும். 'இஸட் ஈஸ் ஃபார் ஜீரோ' என்று தலைப்புகூடச் சொல்லி வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை எழுத்துவரிசை இனி ஒய்யில் முடிகிறது என்று அவருடைய மகள் வாசகர்களுக்குத் தெரிவித்தார். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் ஏ நாவலை எடுத்து முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். 25 புத்தகங்களையும் இந்த முறை வரிசை மாறாமல் படித்து முடித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கடைசிப் புத்தகமே இல்லாத தொடரை எதற்குத் தொடங்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். ஒவ்வொரு நாவலிலும் ஒரு வழக்கு, அந்த நாவலிலேயே அதற்கு முடிவு. இஸட்டுக்காகக் காத்திருக்கும் பெரிய மர்மம் எதுவும் இந்தத் தொடரில் இல்லை. இஸட் வராததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அது ஒரு மனுஷி இனி இல்லை என்கிற வருத்தம். கதை பாதியில் நின்றுவிட்டதே என்று எனக்கு எங்கும் தோன்றவில்லை.

நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்க்கிறவள். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த வண்டி, எதிர்பாராத மரணம் என்று வரும் கோப்புகளைப் படித்து, எந்தத் தேதி எந்தத் தேதியோடு ஒட்டவில்லை என்று பார்ப்பது என் வேலை. அதனாலேயே துப்பறியும் கதைகளில் பாதி என்னிடம் எடுபடுவதில்லை. சிகரெட் சாம்பலைப் பார்த்ததுமே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடும் மேதைகளை ரசிக்க முடிகிறது, நம்ப முடிவதில்லை. நிஜத்தில் ஒரு பொய் எப்படிப் பிடிபடுகிறது? யாரோ ஒருவர் அலுத்துக்கொள்ளாமல் நாலாவது தடவையும் ஃபோன் செய்திருப்பார். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருப்பார். அலுவலகம் மூடுவதற்குள் ஓடிப்போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கியிருப்பார். இந்தச் சலிப்பூட்டும் வேலையைக் கதையாக எழுதி, விடிய விடியப் படிக்கவும் வைத்தவர் கிராஃப்டன். அவர் மேல் எனக்குள்ள மரியாதை இங்கேதான் தொடங்குகிறது.

அவருடைய நாயகி கின்ஸி மில்ஹோன், உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளர். சாண்டா தெரேசா என்ற கற்பனை ஊரில் இருக்கிறாள். சாண்டா பார்பராதான் அது என்று கொஞ்சம் படித்ததுமே தெரிந்துவிடும். (அந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியவர் அவருக்கு முந்தைய துப்பறியும் நாவலாசிரியர் ராஸ் மெக்டொனால்ட். அவர் மேல் இருந்த மரியாதையால் கிராஃப்டன் அதை எடுத்துக்கொண்டார்.) கின்ஸி ஐந்து வயதில் கார் விபத்தில் அப்பா அம்மா இருவரையும் இழந்தவள். அம்மாவுடன் பிறந்த ஜின் அவளை வளர்த்தார். இரண்டு வருடம் போலீஸ் வேலை, இரண்டு விவாகரத்து, குழந்தை இல்லை. தலைமுடியைத் தானே நகம் வெட்டும் கத்தரியால் வெட்டிக்கொள்வாள். விசேஷம், துக்கம் எல்லாவற்றுக்கும் கசங்காத ஒரே கறுப்பு உடை. சாப்பாடு பெரும்பாலும் வேர்க்கடலை வெண்ணெயும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்த சாண்ட்விச்.

கலிஃபோர்னியா ஃபிடெலிட்டி என்ற காப்பீட்டு நிறுவனம் அவளுக்கு உட்கார இடம் கொடுக்கிறது. அதற்கு ஈடாக, சந்தேகத்துக்கு இடமான தீ விபத்து, மரண க்ளெய்ம்களை அவள் விசாரித்துக் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை என் துறைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். 'ஈ ஈஸ் ஃபார் எவிடென்ஸ்' (1988) முழுக்க இந்த உலகம்தான். ஒரு தீ விபத்துக் கோப்பு அவள் கைக்கு வருகிறது. அதே நேரத்தில், அவள் கேட்காமலே 5000 டாலர் அவள் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. லஞ்சம் வாங்கிக்கொண்டு அறிக்கை எழுதினாள் என்று பழி. இந்த வேலையில் இருக்கும் யாருக்கும் வயிற்றைக் கலக்குகிற நிலைமை அது. தான் குற்றமற்றவள் என்பதைத் தானே காகிதங்களால் நிரூபிக்க வேண்டும். கிராஃப்டன் அதை ஒரு சண்டைக் காட்சியைவிடப் பதற்றமாக எழுதியிருப்பார்.

கின்ஸி வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு அட்டைக்கு ஒரு தகவல் என்று கையடக்க அட்டைகளில் எழுதிக்கொள்வாள். அவற்றைப் பலகையில் குத்தி வைப்பாள், எடுத்துக் கலைப்பாள், வேறு வரிசையில் மறுபடி வைப்பாள். சின்ன ஸ்மித் கரோனா தட்டச்சு இயந்திரத்தில் அறிக்கை அடிப்பாள். நகராட்சிப் பதிவேடு, திருமணப் பதிவு, சொத்து வரி ஆவணம், நூலகத்தில் மைக்ரோஃபிலிம் செய்தித்தாள், முகவரியை வைத்துப் பெயரைத் தேடும் டைரக்டரி எல்லாம் அவளுடைய கருவிகள். தேவைப்பட்டால் கூசாமல் பொய்யும் சொல்வாள், பூட்டையும் திறப்பாள். ஆனால் வழக்கு உடைவது பெரும்பாலும் அந்த அட்டைகளில்தான். பொருத்தமில்லாமல் கிடந்த இரண்டு அட்டைகள் பக்கத்தில் வரும். வாசகருக்கு முன்பே காட்டிய தகவல்கள்தான், கலைத்து வைத்ததில் வேறு கதை சொல்லும். கிராஃப்டன் எதையும் ஒளித்து வைத்துக் கடைசியில் நீட்டுவது அபூர்வம்.

நாவல்களே ஒரு விதத்தில் வாடிக்கையாளருக்கு எழுதப்பட்ட அறிக்கைகள். பெரும்பாலானவற்றின் கடைசியில் 'பணிவுடன் சமர்ப்பிக்கிறேன், கின்ஸி மில்ஹோன்' என்ற பொருளில் ஒரு வரி வரும். என்ன செலவானது, யார் என்ன சொன்னார்கள், எது நிரூபிக்கப்பட்டது, எது நிரூபிக்கப்படவில்லை என்று கணக்கு ஒப்படைக்கிற தொனி. முதல் நாவலின் முதல் பத்தியில் கின்ஸி தன் பெயரையும் தொழிலையும் வயதையும் சொல்லி, முந்தாநாள் ஒருவரைக் கொன்றுவிட்டேன், அது மனத்தை அழுத்துகிறது என்பாள். பிணங்கள் மலிவாக விழும் கதை வகை இது. அதற்குள் வந்து, ஒரு உயிரை எடுத்ததன் பாரத்தோடு தொடரையே தொடங்கியவர் கிராஃப்டன். அந்தப் பாரத்தை அடுத்த புத்தகத்தில் மறந்துவிடவும் இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது 'சி ஈஸ் ஃபார் கார்ப்ஸ்' (1986). முந்தைய வழக்கில் அடிபட்ட கையைச் சரிசெய்ய உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் கின்ஸி, அங்கே பாபி கல்லஹன் என்ற இளைஞனைச் சந்திக்கிறாள். கார் பாலத்திலிருந்து விழுந்து, உடம்பெல்லாம் ஒட்டுப் போட்டு, நினைவில் பெரிய ஓட்டைகளோடு உயிர்பிழைத்தவன். அது விபத்தில்லை, யாரோ கொல்லப் பார்த்தார்கள், தனக்கு ஏதோ ஒன்று தெரிந்திருந்தது, அது என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை என்கிறான். கண்டுபிடித்துக் கொடு என்று அவளை அமர்த்துகிறான். திங்கட்கிழமை அறிமுகமானவன் வியாழக்கிழமை உயிரோடு இல்லை. இதை ஆசிரியர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அதனால் அவன் பேசும் ஒவ்வொரு வரியையும் நாம் வேறு மாதிரிக் கேட்கிறோம். அவன் ஏதோ ஒரு நகைச்சுவைக்குச் சிரிக்கும்போதுகூட நமக்குத் தொண்டை அடைக்கிறது.

அதற்குப் பிறகுதான் நாவல் தன் உயரத்தைத் தொடுகிறது. வாடிக்கையாளர் இறந்துவிட்டான். வேலையை விட்டுவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் முன்பணம் வாங்கியாயிற்று, வாக்கும் கொடுத்தாயிற்று. கின்ஸி செத்துப்போனவனுக்காகத் தொடர்ந்து வேலை செய்கிறாள். கண்ணீர் வசனம் கிடையாது. அடுத்த நாள் காலை எழுந்து, மூன்று மைல் ஓடிவிட்டு, யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறாள், அவ்வளவுதான். துக்கத்தை ஒருவர் எப்படிச் சுமப்பார் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன புத்தகங்களை நான் அதிகம் படித்ததில்லை. கிராஃப்டன் இறந்த செய்திக்குப் பிறகு நான் மறுநாள் அலுவலகம் போய்க் கோப்புகளைத் திறந்து உட்கார்ந்தபோது இந்த நாவல்தான் கூட இருந்தது.

கிராஃப்டனுடைய வாழ்க்கையிலிருந்து சில விஷயங்கள் தெரிந்திருந்தால் நாவல்கள் இன்னும் நெருக்கமாகும். 1940-ல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் பிறந்தவர். அப்பா சி. டபிள்யூ. கிராஃப்டன் வழக்கறிஞர், துப்பறியும் நாவல்களும் எழுதியவர். குழந்தைப் பாட்டு ஒன்றின் வரிகளை வரிசையாகத் தலைப்பாக வைத்து ஒரு தொடர் எழுத நினைத்தார். எலி கயிற்றைக் கடிப்பது முதல் புத்தகம் (1943), கயிறு கசாப்புக்காரரைத் தூக்கிலிடுவது இரண்டாவது. அதோடு அந்தத் தொடர் நின்றுவிட்டது. அப்பா விட்ட இடத்திலிருந்து மகள் வேறொரு வரிசையைப் பிடித்தார். எட்வர்ட் கோரியின் எழுத்துவரிசைப் படப்புத்தகம் ஒன்றுதான் யோசனை கொடுத்தது. 'ஏ ஈஸ் ஃபார் அலிபை' 1982-ல் வெளிவந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். மகள் ஒய் வரை போனதை அவர் பார்க்கவில்லை, ஏ அச்சானதைக்கூடப் பார்க்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த முதல் நாவல் பிறந்த கதையை கிராஃப்டன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விவாகரத்து, குழந்தைகள் யாரிடம் இருப்பது என்று நீளும் வழக்கு. ஆத்திரத்தில் படுத்துக்கொண்டு முன்னாள் கணவரை எப்படிக் கொல்லலாம் என்று கற்பனை செய்வாராம். ஒவ்வாமை மாத்திரைக் குப்பியில் அரளியைப் பொடித்து அடைத்து வைக்கும் யோசனை வந்தது. செய்தால் மாட்டிக்கொள்வோம் என்பது தெரிந்ததால் நாவலாக எழுதினார். நாவலில் அப்படிச் சாகிற லாரன்ஸ் ஃபைஃப் ஒரு விவாகரத்து வழக்கறிஞர். கொலைப் பழியில் எட்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்த அவருடைய மனைவி நிக்கி, நான் செய்யவில்லை, யார் செய்தது என்று கண்டுபிடி என்று கின்ஸியிடம் வருகிறாள். கோபத்தில் தொடங்கிய புத்தகம்தான், ஆனால் படிக்கும்போது அந்தச் சூடு தெரியாது. நிக்கி இழந்த எட்டு வருடத்தின் மேல்தான் ஆசிரியரின் கண் இருக்கிறது.

அதற்கு முன் பதினைந்து வருடம் போல ஹாலிவுட்டில் தொலைக்காட்சிக்குத் திரைக்கதை எழுதியவர் அவர். 'ஜி ஈஸ் ஃபார் கம்ஷூ' (1990) வந்த சமயத்தில்தான் அந்த வேலையை விட முடிந்தது. உரையாடல் இவ்வளவு சுருக்கமாக, ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இருப்பதற்கு அந்தப் பயிற்சி காரணமாக இருக்கும். தொலைக்காட்சியில் அவர் பட்ட பாடுதான் பின்னாளில் எடுத்த உறுதிக்கும் காரணம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தொடரின் காலக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எழுதி முடிக்க ஆசிரியருக்கு 35 வருடம் ஆனது. கதைக்குள் ஏழு வருடம்தான் போகிறது. ஏ நாவலில் 1982, கின்ஸிக்கு 32 வயது. ஒய்யில் 1989, அவளுக்கு 39. வெளியே உலகம் கைபேசிக்கும் டி.என்.ஏ. சோதனைக்கும் இணையத்துக்கும் போய்விட்டது. கின்ஸி இன்னும் சில்லறை போட்டுப் பொதுத் தொலைபேசியில் பேசுகிறாள், பதில் சொல்லும் இயந்திரத்தில் வந்த செய்தியைக் கேட்கிறாள், நூலகத்துக்கு நடக்கிறாள். கிராஃப்டன் இதை வேண்டுமென்றே செய்தார். ஆட்களை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டிய காலம் அது. கதவைத் திறப்பவரின் முகம், கூடத்தில் கிடக்கும் பழைய சோபா, சமையலறையிலிருந்து வரும் வாசனை எல்லாம் சாட்சியாகிவிடும். 'எஸ் ஈஸ் ஃபார் சைலன்ஸ்' (2005) இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. 1953 ஜூலை 4 அன்று காணாமல் போன வயலெட் சல்லிவனைப் பற்றி 1987-ல் கின்ஸி விசாரிக்கிறாள். அத்தியாயங்கள் இரண்டு காலத்துக்கும் மாறி மாறிப் போகும். பழைய காலத்தில் இளைஞர்களாகப் பார்த்தவர்களை அடுத்த அத்தியாயத்தில் நரைத்துப் போனவர்களாகச் சந்திக்கிறோம். யார் செய்தார் என்ற கேள்வியைவிட, இத்தனை வருடம் இதை மனத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டுத் தூங்கினார்கள் என்ற கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஹென்றி பிட்ஸைச் சொல்லாமல் விட்டால் தொடரைப் படித்தவர்கள் மன்னிக்க மாட்டார்கள். கின்ஸி குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், எண்பது வயது தாண்டியவர், ஓய்வுபெற்ற ரொட்டிக்காரர், குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பவர். ஒற்றைக் கார் நிறுத்தும் கொட்டகையை மாற்றிக் கட்டிய சின்ன வீட்டில் கின்ஸி குடியிருக்கிறாள். ஒரு கட்டத்தில் அது இடிந்து போக, ஹென்றி அதைக் கப்பல் அறை மாதிரி, வட்ட ஜன்னலும் தேக்குப் பலகையுமாகத் திரும்பக் கட்டிக் கொடுக்கிறார். அவருடைய அண்ணன்மார், அக்கா எல்லாம் தொண்ணூறை ஒட்டியவர்கள், ஒவ்வொருவரும் தனித்தனி ரகம். தெருமுனையில் ஹங்கேரியச் சமையல் செய்யும் ரோஸியின் மதுக்கடை. பெற்றோர் இல்லாதவள் தனக்கு ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் கதை இத்தனை புத்தகங்களுக்கும் அடியில் சத்தமில்லாமல் ஓடுகிறது.

'டி ஈஸ் ஃபார் ட்ரெஸ்பாஸ்' என்ற 2007 நாவல் (நான்காவது எழுத்தின் நாவல் வேறு, அது 'டெட்பீட்'; இது டி ஓசை கொண்ட இருபதாவது எழுத்து) மற்ற எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது. பக்கத்து வீட்டுக் கிழவர் கஸ் வ்ரான்ஸ்கி கீழே விழுந்து படுக்கையாகிவிடுகிறார். பார்த்துக்கொள்ள சொலானா ரோஹஸ் என்ற பெயரில் ஒரு செவிலி வருகிறாள். அவள் வேறொருவரின் பெயரையும் சான்றிதழையும் திருடியவள் என்பது வாசகருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அவளை வேலைக்கு எடுக்கும் முன் பின்னணியைச் சரிபார்த்துக் கொடுப்பது யார்? கின்ஸியேதான். விசாரிக்கிறாள், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இருக்கத்தானே செய்யும், அந்தப் பெயருக்கு உரிய அசல் செவிலி நல்லவள் ஆயிற்றே. காகிதம் சரியாக இருந்தும் ஆள் பொய்யாக இருக்கும் நிலை. என் தொழிலில் இதைவிடப் பெரிய கெட்ட கனவு கிடையாது. முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே, யார் கண்ணுக்கும் படாமல், மருந்தாலும் மிரட்டலாலும் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கப்படுவதை அவர் எழுதியிருக்கும் விதத்தில் ரத்தம் கிடையாது. ஆனாலும் நடுவில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுக்க முடிந்தது. வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் யாரும் இதைப் படிக்க வேண்டும்.

'க்யூ ஈஸ் ஃபார் குவாரி' (2002) நிஜ வழக்கு ஒன்றிலிருந்து வந்தது. 1969 ஆகஸ்டில் சாண்டா பார்பரா மாவட்டத்தின் லோம்போக் அருகே, கல்குவாரிப் பகுதியில் ஒரு இளம்பெண்ணின் சடலம் கிடைத்தது. குத்திக் கொலை செய்யப்பட்டவள். யாரென்றே தெரியாமல் பெயரில்லாத கல்லறையில் புதைத்தார்கள். கிராஃப்டன் இதைக் கேள்விப்பட்டு நாவலாக எழுதியதோடு நிற்கவில்லை. சடலத்தைத் தோண்டியெடுத்து, மண்டையோட்டை வைத்து முகத்தை மறுபடி உருவாக்கும் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். அந்த முகத்தின் படங்களைப் புத்தகத்தின் கடைசியில் அச்சிட்டு, யாருக்காவது அடையாளம் தெரிகிறதா என்று வாசகர்களைக் கேட்டார். நாவலில் இதே வழக்கைக் கையில் எடுப்பவர்கள் உடம்பு முடியாத இரண்டு வயதான போலீஸ்காரர்கள். ஒருவருக்கு இதயக் கோளாறு, இன்னொருவருக்குப் புற்றுநோய். கூட ஓடியாட கின்ஸி. சாவதற்குள் இந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் படும் அவசரம் மனத்தை உலுக்கும். எழுத்தாளர் வேலை எங்கே முடிகிறது என்பதை கிராஃப்டன் எப்படிப் புரிந்துகொண்டிருந்தார் என்று காட்ட எனக்கு வேறு உதாரணம் வேண்டாம்.

சுமாரானவையும் உண்டு. 'எல் ஈஸ் ஃபார் லாலெஸ்' (1995) ஓட்டமும் துரத்தலுமாகப் போகிறது, மனத்தில் நிற்கவில்லை. 'எக்ஸ்' (2015), 'ஒய் ஈஸ் ஃபார் யெஸ்டர்டே' (2017) இரண்டும் கனமான புத்தகங்கள்; முன்னாலெல்லாம் ஒரு பத்தியில் முடிந்திருக்கும் வீட்டு விவரணை பக்கக்கணக்கில் நீள்கிறது. எக்ஸில் வரும் நெட் லோ என்பவன் ஒய்யிலும் தொடர்வதால் இந்த இரண்டை மட்டும் சேர்த்து, இந்த வரிசையிலேயே படியுங்கள். ஆனால் ஒய்யின் மைய வழக்கு வலுவானது. 1979-ல் ஒரு தனியார் பள்ளி மாணவர்கள் செய்த கொடுமை பத்து வருடம் கழித்து ஒரு வீடியோ கேசட்டாகத் திரும்பி வருகிறது. நோயோடு எழுதிய புத்தகம் என்று தெரிந்து படித்தால் அந்த நீளத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

'கே ஈஸ் ஃபார் கில்லர்' (1994) தனி ரகம். மகளைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி இரவில் அலுவலகத்துக்கு வருகிறாள். விசாரணை முழுக்க இரவு உலகில் நடக்கிறது. கின்ஸியே பகலில் தூங்கி இரவில் விழிப்பவளாக மாறிப்போகிறாள். கடைசியில் அவள் எடுக்கும் முடிவை நான் ஏற்கவில்லை. அவளாலும் அதை முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. சட்டத்தால் எட்ட முடியாத இடத்தில் என்ன செய்வது என்று இந்த நாவல் என்னை நிறைய நாள் யோசிக்க வைத்தது.

அமெரிக்கத் துப்பறியும் நாவலில் பெண் துப்பறிவாளரை நிலைநிறுத்தியவர்களில் கிராஃப்டன் ஒருவர். மார்சியா முல்லர் 1977-லேயே தொடங்கிவிட்டார். சாரா பாரெட்ஸ்கி அதே 1982-ல் வந்தார். குற்றப் புனைவு எழுத்தாளர்களுக்கான பிரிட்டனின் டயமண்ட் டாகர் விருது 2008-லும், அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கத்தின் கிராண்ட் மாஸ்டர் கௌரவம் 2009-லும் கிராஃப்டனுக்குக் கிடைத்தன.

மேலே சொன்ன உறுதிக்கு வருகிறேன். கின்ஸியைத் திரைக்கு விற்க மாட்டேன் என்று கடைசி வரை மறுத்தார். ஒவ்வொரு வாசகரும் அவளுக்கு ஒரு முகம் வைத்திருக்கிறார்கள், அதில் நடிகை ஒருவரின் முகத்தை ஒட்டக் கூடாது என்பது அவர் கட்சி. தன் பெயரில் வேறொருவர் நாவல் எழுதவும் சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் மீறினால் கல்லறையிலிருந்து எழுந்து வருவேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். அவர் போன பிறகு 2021-ல் குடும்பத்தினர் தொலைக்காட்சி உரிமையைக் கொடுத்தார்கள். அதில் எனக்கு மனக்கஷ்டம் உண்டு. அவர்கள் என்ன யோசித்துச் செய்தார்களோ, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் இஸட்டை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. அதற்கு அவர்களுக்கு என் நன்றி. கூலிக்கு எழுதிய இஸட் ஒன்று கடையில் கிடந்தால் அதை நான் தொட்டிருக்க மாட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஏயிலிருந்து வரிசையாகப் போவது நல்லது, ஆனால் கட்டாயமில்லை. ஒன்றைப் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால் சி. அது பிடித்தால் ஏ, பி என்று திரும்பி வந்து தொடங்குங்கள். கனமான கதை வேண்டும் என்றால் நேராக 'எஸ்' அல்லது 'ட்ரெஸ்பாஸ்'. ஆங்கிலம் கடினமில்லை, வாக்கியங்கள் சின்னவை, பேச்சு நிறைய. கேட்டு ரசிப்பவர்களுக்கு ஜூடி கே வாசித்த ஒலிப்புத்தகங்கள் உண்டு. கின்ஸியின் குரலில் இருக்கும் அந்தச் சலிப்பும் பிடிவாதமும் அவருக்கு அப்படியே வருகிறது. நெடும் பயணத்துக்கு ஏற்றவை.

'கின்ஸி அண்ட் மீ' (2013) என்ற சிறுகதைத் தொகுப்பை வாங்க மறக்க வேண்டாம். முதல் பாதி கின்ஸியின் சிறு வழக்குகள். இரண்டாம் பாதியில் கிட் ப்ளூ என்ற பெண் வருகிறாள். கிராஃப்டன் தன் இளவயதுக்கு வைத்த பெயர் அது. குடிக்கு அடிமையான அம்மா, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் சிறுமி. கிராஃப்டனின் அம்மா 1960-ல் தற்கொலை செய்துகொண்டார். அந்தக் கதைகளில் வழக்கும் இல்லை, விடையும் இல்லை. அம்மா சோபாவில் படுத்திருக்கிறாள், மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒய்க்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஜின்னிடம் வளர்ந்த பெண் ஏன் யாரையும் அவ்வளவு எளிதில் தன் வீட்டுக்குள் விடுவதில்லை, ஹென்றியின் சமையலறையில் மட்டும் ஏன் அத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வேறு மாதிரிப் புரிய ஆரம்பிக்கும்.